ஸ்டீராய்டு தொடங்கும் முன் ஹெபடைட்டிஸ் பி: "மருந்து தேவையில்லை" என்று எழுதியது யாருக்கு?

நொய்யல் · பிப்ரவரி 8, இரவு 9.40

இரண்டு டாக்டர், இரண்டு சீட்டு. 41 வயது ஆண், 64 கிலோ. மூன்று வருடமாக அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் (பெருங்குடல் அழற்சிப் புண்), இடது பக்கத்தில். மெசலமின் 4.8 கிராம், ராத்திரி எனிமா, இரண்டும் சேர்ந்தும் அடங்கவில்லை. நாளைக்கு ஆறேழு தடவை ரத்தத்தோடு போகிறது. குடல் டாக்டர் பிரெட்னிசோலோன் (ஸ்டீராய்டு) 40 மி.கி. எழுதி, வாரத்துக்கு 5 மி.கி. குறைக்கச் சொல்லியிருக்கிறார். இதே ஆளுக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கிறது. எச்பிஎஸ்ஏஜி (தொற்று இருப்பதைக் காட்டும் ஆன்டிஜென்) பாசிட்டிவ், எச்பிஈஏஜி (வைரஸ் வேகமாகப் பெருகுவதன் அடையாளம்) நெகட்டிவ், வைரல் லோட் (ரத்தத்தில் வைரஸ் அளவு) 600 ஐ.யு., எஸ்ஜிபிடி (ஈரல் செல் கெட்டால் ஏறும் என்சைம்) 28. ஈரல் டாக்டர் சீட்டில் "மருந்து தேவையில்லை, 6 மாதம் கழித்து வரவும்".

என் வாதம்: லோட் இவ்வளவு குறைவு, ஸ்டீராய்டும் இரண்டே மாதம். ஈரலுக்கு ஒன்றும் ஆகாது. தப்பென்றால் காரணத்தோடு சொல்லவும்.

ஈரல்குலை · பிப்ரவரி 8, இரவு 10.25

தப்பு. தனித்தனியாக வாசித்தால் இரண்டு சீட்டும் சரி. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் ஓட்டை தெரியும்.

லோட் 2,000-க்குக் கீழே, எஸ்ஜிபிடி நார்மல், எச்பிஈஏஜி நெகட்டிவ் என்றால் வைரஸை உடம்பு அடக்கி வைத்திருக்கிறது. அடக்குவது மருந்து அல்ல, உடம்பின் எதிர்ப்பு சக்தி. "மருந்து தேவையில்லை" என்பது அந்தக் காவல் நிற்கிற வரைக்கும் செல்லும். 40 மி.கி. பிரெட்னிசோலோன் எடுப்பது அந்தக் காவலைத்தான்.

கணக்கைப் பாருங்கள். 40, 35, 30, 25, 20, 15, 10, 5 என்று எட்டு வாரம். அதில் ஏழு வாரம் 10 மி.கி. அல்லது அதற்கு மேல். அமெரிக்க இரைப்பை குடல் மருத்துவர் சங்கம் 2015-இல் போட்ட வகைப்பாட்டில், எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் ஆள் தினம் 10 மி.கி.யோ அதற்கு மேலோ நான்கு வாரம் எடுத்தாலே 'அதிக ஆபத்து'. நூறு பேரில் பத்துக்கு மேற்பட்டோருக்கு வைரஸ் மறுபடி கிளம்பும் என்று அர்த்தம். "இரண்டே மாதம்" என்பது அந்த வரம்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

செய்ய வேண்டியது: ஸ்டீராய்டுக்கு முன்பே, முடியாவிட்டால் அதே நாளில், வைரஸ் மருந்து தொடங்க வேண்டும். ஈரல் டாக்டரிடம் போய் "குடலுக்கு 40 மி.கி. ஸ்டீராய்டு தொடங்கப் போகிறார்கள்" என்று ஒரு வரி சொல்லுங்கள். சீட்டு மாறும்.

நொய்யல் · பிப்ரவரி 8, இரவு 10.50

எஸ்ஜிபிடி ஏறினால் அப்போது மருந்து தொடங்கினால் போதாதா? இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்எஃப்டி (ஈரல் ரத்த டெஸ்ட்) எடுத்துக்கொண்டே இருக்கலாமே.

ஈரல்குலை · பிப்ரவரி 9, காலை 6.15

போதாது. எஸ்ஜிபிடி கடைசியில் வருகிற சேதி. நடப்பது இந்த வரிசையில்.

வைரஸ், ஈரல் செல்லின் உட்கருவுக்குள் வட்ட வடிவ டிஎன்ஏவாக உட்கார்ந்திருக்கிறது. இன்றைய மாத்திரை எதுவும் அதை முழுதாக அழிப்பதில்லை, புதுப் பிரதி எடுப்பதை மட்டும் நிறுத்துகிறது. ஸ்டீராய்டு உள்ளே போனதும் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, எதிர்ப்பு சக்தி தளர்கிறது. இன்னொன்று, இந்த வைரஸின் டிஎன்ஏவிலேயே ஸ்டீராய்டு வந்து ஒட்டித் தூண்டிவிடும் இடம் உண்டு, அதனால் பிரதி நேரடியாகவே கூடுகிறது. இந்தக் கட்டத்தில் லோட் ஏறும். எஸ்ஜிபிடி அசையாது, ஆளும் நன்றாகத்தான் இருப்பார், குடலும் அடங்கியிருக்கும்.

பிறகு ஸ்டீராய்டைக் குறைக்கிறோம். எதிர்ப்பு சக்தி திரும்பி வந்து பார்த்தால் வீடு முழுக்க வைரஸ். பாதித்த செல்களை எல்லாம் ஒரே மூச்சில் தாக்குகிறது. எஸ்ஜிபிடி நூற்றுக்கணக்கில் ஏறுவது அப்போதுதான். பெரும்பாலும் மாத்திரை 10, 5 என்று இறங்கும்போது, அல்லது நிறுத்திய பிறகு சில வாரங்களில். அந்த நேரத்தில் மருந்து தொடங்கினால் வைரஸ் குறையும், ஆனால் தொடங்கிவிட்ட தாக்குதல் நிற்காது. ஈரல் செயலிழப்பு வரை போவது இப்படித்தான்.

எஸ்ஜிபிடியைக் காவலுக்கு வைப்பது, புகை வந்த பிறகு தண்ணீர்க் குடம் தேடுகிற வேலை.

ஈரல்குலை · பிப்ரவரி 9, காலை 6.40

விட்டுப்போனது. 2004-இல் ஸ்பெயினிலிருந்து வந்த ஒரு சிறு அறிக்கை: நாட்பட்ட ஹெபடைட்டிஸ் பி உள்ள மூன்று கிரோன்ஸ் (இன்னொரு குடலழற்சி நோய்) நோயாளிகளுக்கு இன்ஃபிளிக்சிமாப் (எதிர்ப்பு சக்தியைத் தளர்த்தும் ஊசி). இரண்டு பேருக்கு ஊசியை நிறுத்திய பிறகு வைரஸ் கடுமையாகக் கிளம்பியது, ஒருவர் இறந்தார். மூன்றாமவர் ஊசியோடு லாமிவுடின் என்ற வைரஸ் மருந்து எடுத்துக்கொண்டவர், அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. மூன்றே பேர் என்பதால் சதவீதம் போட முடியாது. "நிறுத்திய பிறகு" என்பதைக் கவனியுங்கள்.

மாத்திரைப்பெட்டி · பிப்ரவரி 9, காலை 8.05

எந்த மாத்திரை என்பதை மருந்துக் கடைப் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

என்டகாவிர் 0.5 மி.கி., தினம் ஒன்று. கண்டிப்பாக வெறும் வயிறு: சாப்பிட்டு 2 மணி நேரம் கழித்து, அடுத்த சாப்பாட்டுக்கு 2 மணி நேரம் முன்பு. உணவோடு போட்டால் உடம்பில் சேரும் அளவு குறையும். ராத்திரி எட்டு மணிக்குச் சாப்பிட்டு, பத்தரைக்குப் படுக்கும் முன் போடுவது பலருக்கும் ஒத்துவரும். முன்பு லாமிவுடின் எடுத்தவர் என்றால் இதைத் தவிர்க்க வேண்டும். வைரஸ் அந்த மருந்தை எதிர்த்து நிற்க ஏற்கெனவே பழகியிருந்தால் என்டகாவிரும் சீக்கிரம் தோற்கும்.

டெனோஃபோவிர் இரண்டு வடிவில் வருகிறது. டிடிஎஃப் 300 மி.கி. பழையது. டிஏஎஃப் 25 மி.கி. புதியது, உணவோடு போட வேண்டும். டிடிஎஃப்புக்குச் சாப்பாட்டு விதி இல்லை.

லாமிவுடின் இதற்கு வேண்டாம். ஒரு வருடத்தில் ஐந்தில் ஒருவருக்கு வைரஸ் அதை எதிர்த்து நிற்கப் பழகிவிடும், ஐந்து வருடத்தில் எழுபது சதவீதம் வரை போகும். குடல் நோய்க்காரருக்கு மருந்து வருடக்கணக்கில் ஓடும், அதைத் தாங்காது.

ஈரல்குலை · பிப்ரவரி 9, காலை 9.30

மேலே உள்ளதோடு ஒன்று சேர்க்க வேண்டும். குடல் நோய் உள்ளவருக்கு டிடிஎஃப்பை நான் கடைசியில்தான் வைப்பேன். டிடிஎஃப் சிறுநீரகக் குழாயையும் எலும்பையும் தொடும். ஸ்டீராய்டு எலும்பை அரிக்கும். மெசலமின் அபூர்வமாகச் சிறுநீரகத்தில் அழற்சி உண்டாக்கும். தீவிர நிலையில் சைக்ளோஸ்போரின் கொடுத்தால் அதுவும் சிறுநீரகத்தின் மேல்தான் விழும். மூன்று மருந்து சிறுநீரகத்தைச் சுற்றியும், இரண்டு எலும்பைச் சுற்றியும் நிற்கின்றன. கிரியாட்டினின் மெல்ல ஏறினால் எதை நிறுத்துவது என்று யாருக்கும் தெரியாது.

டிடிஎஃப் தவிர வேறு கிடைக்காத இடத்தில் தாராளமாக எடுக்கலாம், மருந்தே இல்லாமல் இருப்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கிரியாட்டினின், பாஸ்பேட், சிறுநீரில் புரதமும் சர்க்கரையும் பார்க்க வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை நார்மலாக இருக்கும்போது சிறுநீரில் சர்க்கரை வந்தால், குழாய் கெடுகிறது என்று பொருள்.

நொய்யல் · பிப்ரவரி 9, இரவு 9.10

ஈரல் டாக்டரைப் பார்த்தாயிற்று. என்டகாவிர் 0.5 இன்றிரவே தொடக்கம். ஸ்டீராய்டு 12-ஆம் தேதி. இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும் என்று எங்கோ வாசித்தேன், மூன்று நாள் போதுமா?

ஈரல்குலை · பிப்ரவரி 9, இரவு 9.45

போதும். அவகாசம் இருந்தால் இரண்டு வாரம் முன்பு. ரத்தம் போய்க்கொண்டிருக்கிற குடலை வைரஸுக்காகக் காக்க வைக்கக் கூடாது. ஆஸ்பத்திரியில் சேர்த்து ஹைட்ரோகார்டிசோன் (ஸ்டீராய்டு ஊசி) 100 மி.கி. ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை போடுகிற கடுமையான நிலையாக இருந்தாலும் இதே விதி: முதல் ஊசி போட்ட அன்றே முதல் மாத்திரை. எச்பிஎஸ்ஏஜி கார்டு டெஸ்ட் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும்.

12-ஆம் தேதிக்குள் இன்னொன்று: மலத்தில் சி. டிஃபிசில் என்ற குடல் கிருமியின் டாக்சின் பார்த்தாயிற்றா? மெசலமினுக்கு அடங்காத கொலைட்டிஸில் ஸ்டீராய்டை ஏற்றும் முன் அதை விலக்க வேண்டும்.

மாத்திரைப்பெட்டி · பிப்ரவரி 11, மதியம் 1.20

லேப் சீட்டில் நடக்கும் ஒரு தப்பு. இதனால் தொற்று உள்ள ஆட்கள் கண்ணில் படாமல் போகிறார்கள்.

எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ் என்றால் கதை முடிந்தது என்று நினைக்கிறார்கள். முடியவில்லை. எப்போதோ வந்து போன தொற்று, ரத்தத்தில் ஆன்டிஜென் இல்லாமல் ஈரலுக்குள் தூங்கலாம். அதைக் காட்டுவது ஆன்டி எச்பிசி என்ற ஆன்டிபாடி டெஸ்ட். இதில் இரண்டு வகை: ஐஜிஎம், டோட்டல். ஐஜிஎம் புதுத் தொற்றுக்கு. பழைய தொற்றுக்கு டோட்டல் வேண்டும். சீட்டில் வெறுமனே "ஆன்டி எச்பிசி" என்று எழுதினால் சில லேபில் ஐஜிஎம் போட்டு நெகட்டிவ் என்று தந்துவிடுவார்கள். "டோட்டல்" என்ற சொல் சீட்டில் இருக்க வேண்டும். ரத்தம் ஏற்றியவருக்கும் இம்யூனோகுளோபுலின் போட்டவருக்கும் கொஞ்ச நாளைக்கு அது பொய்யாகப் பாசிட்டிவ் காட்டலாம். ஆகையால் அவற்றுக்கு முன்பே ரத்தம் எடுத்துவிடுவது நல்லது.

"பி பாசிட்டிவ்" என்று சொன்னால் ரத்த குரூப்பா, ஹெபடைட்டிஸா என்று ஒவ்வொரு தடவையும் கேளுங்கள். கவுண்டரில் இது நடந்துகொண்டே இருக்கிறது.

ஈரல்குலை · பிப்ரவரி 11, மாலை 5.00

அப்படி எச்பிஎஸ்ஏஜி நெகட்டிவ், டோட்டல் பாசிட்டிவ் உள்ளவருக்கு மெசலமினுக்கோ அசாதியோபிரினுக்கோ (எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மாத்திரை) வைரஸ் மருந்து வேண்டாம், இன்ஃபிளிக்சிமாப்புக்கும் வேண்டாம், கவனித்தால் போதும்.

ஈரல்குலை · பிப்ரவரி 12, காலை 6.30

நேற்று மாலை எழுதியதைத் திருத்துகிறேன், அது அளவுக்கு மீறித் துணிச்சல்.

மெசலமின் எதிர்ப்பு சக்தியைத் தளர்த்துகிற மருந்தே அல்ல, அதில் மாற்றமில்லை. அசாதியோபிரின் தனியாக என்றால் ஆபத்து நூற்றில் ஒன்றுக்கும் கீழ், அதுவும் நிற்கட்டும். ஆனால் இன்ஃபிளிக்சிமாப், அடலிமுமாப் போன்றவற்றையும், 10 மி.கி.க்குக் குறையாத ஸ்டீராய்டு நான்கு வாரத்துக்கு மேல் போவதையும், இந்த ஆட்களுக்கு 'நடுத்தர ஆபத்து' என்றுதான் அந்த 2015 வகைப்பாடு வைக்கிறது: நூற்றில் ஒன்று முதல் பத்து. அவர்களுக்கு இரண்டு வழி. மருந்து கொடுத்துவிடலாம். அல்லது ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எஸ்ஜிபிடி, வைரல் லோட், எச்பிஎஸ்ஏஜி மூன்றையும் பார்த்து, லோட் தெரிந்தவுடன் தொடங்கலாம். இரண்டாவது வழி, ஆள் தவறாமல் வந்து ரத்தம் கொடுத்தால் மட்டுமே வழி. வேலைக்காக ஊர் மாறுகிறவர், லேப் தூரம், பணம் இழுபறி என்றால் முதல் வழிதான். ஒரு மாத்திரை தவறாமல் போடுவது, தவறாமல் லேபுக்கு வருவதைவிட எளிது.

ரிட்டுக்சிமாப் ஊசி வேறு நோய்க்காகப் போட்டிருந்தால் இது எதுவும் பொருந்தாது, எச்பிஎஸ்ஏஜி பாசிட்டிவ் ஆனாலும் டோட்டல் மட்டும் பாசிட்டிவ் ஆனாலும் அது அதிக ஆபத்து.

நொய்யல் · பிப்ரவரி 20, இரவு 8.30

ஃபைப்ரோஸ்கேன் (ஈரல் தழும்பை அளக்கும் ஸ்கேன்) இன்னும் எடுக்கவில்லை. ரத்த டெஸ்ட்டை வைத்துத் தழும்பை ஊகிக்கும் எஃப்ஐபி-4 கணக்கு போட்டுப் பார்த்தேன், குறைவாக வருகிறது. ஈரல் நன்றாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாமா? ஆல்புமின் (ரத்தப் புரதம்) 2.9 என்று இருப்பதுதான் பயமாக இருக்கிறது.

ஈரல்குலை · பிப்ரவரி 20, இரவு 9.50

இந்தக் கேள்விக்காகவே இந்த இழை தேவைப்பட்டது. ஈரல் டெஸ்ட்கள் பலவும் குடல் நோயில் பொய் சொல்லும், இரண்டு திசையிலும்.

எஃப்ஐபி-4: வயதை எஸ்ஜிஓடியால் (இன்னொரு ஈரல் என்சைம்) பெருக்கி, பிளேட்லெட் எண்ணிக்கையையும் எஸ்ஜிபிடியின் வர்க்கமூலத்தையும் பெருக்கிய தொகையால் வகுக்க வேண்டும். உதாரணம்: வயது 45, எஸ்ஜிஓடி 60, எஸ்ஜிபிடி 49, பிளேட்லெட் 150 ஆயிரம். 2,700-ஐ 1,050-ஆல் வகுத்தால் 2.57. அதே ஆளுக்குக் குடல் எரிந்துகொண்டிருக்கிறது, பிளேட்லெட் 450 ஆயிரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது 0.86. 1.45-க்குக் கீழே வந்ததால் தழும்பு இல்லை என்று எழுதிவிடுவார்கள். ஈரல் மாறவில்லை, குடலழற்சி பிளேட்லெட்டை ஏற்றிவிட்டது, அவ்வளவுதான். ஏபிஆர்ஐ என்ற இன்னொரு தழும்புக் கணக்கிலும் இதே குறை.

ஆல்புமின் எதிர்த்திசை. புண்ணான குடல் வழியாகப் புரதம் கசிந்து போகிறது, சாப்பாடும் இறங்குவதில்லை. 2.9-க்கு ஈரல் காரணமாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. ஐஎன்ஆர் (ரத்தம் உறையும் நேரத்தின் அளவு) கூட அப்படித்தான். நாள்கணக்கில் ஆன்டிபயாட்டிக், சரியில்லாத சாப்பாடு என்றால் வைட்டமின் கே குறைந்து ஏறும். வைட்டமின் கே ஊசி போட்டு மறுநாள் பார்த்தால் இறங்கிவிடும், ஈரல் கெட்டிருந்தால் இறங்காது. பிலிருபின் நார்மல், மண்ணீரல் வீங்கவில்லை என்றால் இந்த 2.9-ஐ வைத்துப் பயப்பட வேண்டாம்.

ஆகவே ஃபைப்ரோஸ்கேன் எடுங்கள். மூன்று மணி நேரம் வெறும் வயிறு. எஸ்ஜிபிடி பல மடங்கு ஏறியிருக்கும்போது எடுத்தால் வீக்கத்தையே தழும்பு என்று காட்டும். உங்கள் ஆளுக்கு இப்போது அது நார்மல், இதுதான் நேரம்.

மாத்திரைப்பெட்டி · பிப்ரவரி 21, காலை 7.50

ஏஎல்பி (ஜிஜிடி போல, பித்தக் குழாய் கெட்டால் ஏறும் என்சைம்) ஏறினால் அது வேறு கதை. எஸ்ஜிபிடி சும்மா இருக்க, ஏஎல்பியும் ஜிஜிடியும் ஏறிக்கொண்டே போனால் வைரஸ் மேல் பழி போட வேண்டாம். கொலைட்டிஸோடு வரும் பித்தக் குழாய்ச் சுருக்க நோய், பிஎஸ்சி. எம்ஆர்சிபி ஸ்கேன் எடுத்துப் பார்ப்பார்கள். அது இருந்தால் பெருங்குடல் ஸ்கோப் அன்றிலிருந்து வருடா வருடம். இல்லாதவருக்கு நோய் தொடங்கி எட்டாவது வருடத்தில் முதல் கண்காணிப்பு ஸ்கோப்.

நொய்யல் · மார்ச் 3, இரவு 9.00

ஊரில் பெரியவர்கள் கீழாநெல்லி அரைத்து மோரில் கொடுக்கச் சொல்கிறார்கள். மறுத்தால் வருத்தப்படுகிறார்கள்.

ஈரல்குலை · மார்ச் 3, இரவு 10.10

பெரியவர்கள் சொல்வதற்கு ஒரு வரலாறு இருக்கிறது, தட்டிக்கழிக்க வேண்டாம். 1988-இல் சென்னையில் நடந்த ஆய்வு லான்செட்டில் வந்தது. ஹெபடைட்டிஸ் பி உள்ளவர்களுக்கு முப்பது நாள் கீழாநெல்லி கொடுத்ததில் 37 பேரில் 22 பேருக்கு எச்பிஎஸ்ஏஜி மறைந்தது என்றார்கள். போலி மருந்து எடுத்தவர்களில் 23-க்கு ஒருவர். இந்த வைரஸைக் கண்டறிந்து 1976-இல் நோபல் பெற்ற பாரூக் பிளம்பர்க்கே இந்தச் செடியில் ஆர்வம் காட்டியவர். ஆனால் பிற்பாடு மற்ற இடங்களில் செய்து பார்த்தபோது அந்தப் பலன் திரும்ப வரவில்லை. மருந்தென்று நிற்கவில்லை.

"மஞ்சள் காமாலை கீழாநெல்லியில் போயிற்று" என்பது பெரும்பாலும் ஏ, ஈ வைரஸ் காமாலை. அவை தாமாகவே சில வாரத்தில் போகும். இது அந்தக் காமாலை அல்ல, இவருக்குக் காமாலையே இல்லை. இப்படிச் சொன்னால் பெரியவர்களுக்கும் புரியும்.

ஸ்டீராய்டும் என்டகாவிரும் ஓடும்போது பச்சிலை சேர்த்தால், நாளைக்கு எஸ்ஜிபிடி ஏறினால் காரணம் பிரிக்க முடியாது. சீந்தில் கஷாயம் இன்னும் மோசம். கொரோனா காலத்தில் ஊரெல்லாம் சீந்தில் குடித்தபோது, தன்னெதிர்ப்பு ஈரல் அழற்சி போன்ற பாதிப்பு இந்தியாவின் பல ஊர்களிலிருந்து பதிவானது.

காமாலைப் பத்தியமும் வேண்டாம். உப்பில்லாமல், எண்ணெயில்லாமல், வெறும் கஞ்சி கொடுத்தால் ஏற்கெனவே புரதம் கசிகிற ஆள் எலும்பாகிவிடுவார். முட்டை, மீன், இட்லி, பருப்பு எது ஒத்துக்கொள்கிறதோ அது. சாராயம் மட்டும் ஒரு சொட்டும் கூடாது.

மாத்திரைப்பெட்டி · மார்ச் 4, காலை 8.15

வலி மாத்திரை: டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் குடலைக் கிளப்பும். பாரசிட்டமால், நாளைக்கு 2 கிராமுக்குள்.

நொய்யல் · மார்ச் 16, இரவு 8.20

20 மி.கி.க்கு வந்ததும் மறுபடி ரத்தம் எட்டிப் பார்க்கிறது. அடுத்தது அசாதியோபிரின், அல்லது இன்ஃபிளிக்சிமாப், அல்லது மெத்தோட்ரெக்சேட் என்கிறார்கள். ஈரல் பக்கத்திலிருந்து எது?

ஈரல்குலை · மார்ச் 16, இரவு 9.40

மெத்தோட்ரெக்சேட்டை ஒதுக்குங்கள். ஈரலில் தழும்பு உண்டாக்கக்கூடிய மருந்தை, ஏற்கெனவே வைரஸ் உள்ள ஈரலில் விடுவதில் பொருள் இல்லை. அல்சரேட்டிவ் கொலைட்டிஸில் அதன் பலனும் உறுதிப்படவில்லை.

அசாதியோபிரின் ஸ்டீராய்டிலிருந்து இறங்க உதவும். கிலோவுக்கு 2 முதல் 2.5 மி.கி., இவருக்கு 125 முதல் 150. ஆனால் 50-இல் தொடங்கி ஏற்ற வேண்டும். தொடங்கும் முன் என்யூடிடி15 மரபணு டெஸ்ட் கேளுங்கள். ஆசியர்களிடம் டிபிஎம்டி என்ற பழைய டெஸ்ட்டைவிட இதுதான் வெள்ளை அணுக்கள் திடீரென விழுவதை முன்கூட்டிச் சொல்கிறது. முதல் மாதம் வாரா வாரம் ரத்த எண்ணிக்கை. இந்த மருந்தும் எஸ்ஜிபிடியை ஏற்றக்கூடும். ஏறினால் அன்றே வைரல் லோட் எடுங்கள். லோட் இல்லையென்றால் மருந்து மேல் சந்தேகம், லோட் இருந்தால் என்டகாவிர் ஒழுங்காகப் போடுகிறாரா என்று முதலில் கேளுங்கள்.

இன்ஃபிளிக்சிமாப் 5 மி.கி./கிலோ, 0, 2, 6-ஆம் வாரம், பிறகு எட்டு வாரத்துக்கு ஒருமுறை. என்டகாவிர் ஓடுகிற வரை ஹெபடைட்டிஸ் பி அதற்குத் தடையே இல்லை. இதை அழுத்திச் சொல்கிறேன், "பி இருக்கிறது, ஊசி போட முடியாது" என்று சொல்லி ஆட்களை வருடக்கணக்கில் ஸ்டீராய்டிலேயே வைப்பது கொடுமை. வெடோலிசுமாப் பெரும்பாலும் குடலோடு நிற்கும் மருந்து, செலவு தாங்கினால் ஈரலுக்கு இதமானது. அதற்காக என்டகாவிரை நிறுத்தக் கூடாது.

மாத்திரைப்பெட்டி · மார்ச் 17, காலை 8.00

இன்ஃபிளிக்சிமாப் என்றால் டிபி டெஸ்ட் வரும். ஸ்டீராய்டு எடுக்கும்போது இக்ரா (டிபி ரத்த டெஸ்ட்) பொய்யாக நெகட்டிவ் ஆகலாம், நெஞ்சு எக்ஸ்ரேயும் சேர்த்துப் பாருங்கள். பாசிட்டிவ் என்றால் தடுப்புக்கு ஐசோனியசிட் 300 மி.கி. ஆறு மாதம், கூடவே பைரிடாக்சின். ஐசோனியசிட் ஈரலைத் தொடும், மாதா மாதம் எஸ்ஜிபிடி. வாந்தியோ மஞ்சளோ இருந்து மூன்று மடங்கு ஏறினாலும், ஒன்றும் இல்லாமல் ஐந்து மடங்கு ஏறினாலும் நிறுத்த வேண்டும்.

ரிஃபாம்பிசின் உள்ள திட்டம் கொடுத்தால் டிஏஎஃப்பை அதோடு போடக் கூடாது, அளவு விழுந்துவிடும். என்டகாவிருக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆனால் அதே ரிஃபாம்பிசின் பிரெட்னிசோலோனையும் வேகமாக வெளியேற்றும். குடல் மறுபடி கிளம்பினால் "மருந்து கேட்கவில்லை" என்று எண்ணிவிட வேண்டாம்.

நொய்யல் · மார்ச் 22, காலை 7.10

வேறொருவர் தனியாகக் கேட்டார்: குடல் நோயோடு பி இல்லை, சி இருந்தால்?

மாத்திரைப்பெட்டி · மார்ச் 22, காலை 9.00

சி குணமாகும். சோஃபோஸ்புவிர் 400, வெல்பட்டாஸ்விர் 100 சேர்ந்த மாத்திரை, 12 வாரம். அந்தக் கால இன்டர்ஃபெரான் ஊசி குடலைக் கிளப்பிவிடுமோ என்று பயந்தார்கள், இதில் அந்தப் பயம் இல்லை.

தவறு நடப்பது ஒரே இடத்தில். ஸ்டீராய்டோடு பழக்கத்தில் பான்டோபிரசோல் எழுதிவிடுவார்கள். அமிலம் குறைந்தால் வெல்பட்டாஸ்விர் சேராது. முடிந்தால் அந்த 12 வாரம் அமில மாத்திரையை நிறுத்த வேண்டும். முடியாவிட்டால் வைரஸ் மாத்திரையை உணவோடு போட்டு, நாலு மணி நேரம் கழித்து ஒமிபிரசோல் 20, அதற்கு மேல் கூடாது. ஜெலுசில் வகையறாவுக்கும் நாலு மணி இடைவெளி.

முடித்து 12 வாரம் கழித்து வைரஸ் ஆர்என்ஏ பார்த்தால் குணமா என்று தெரிந்துவிடும். ஆன்டிபாடி ஆயுள் முழுக்கப் பாசிட்டிவாகவே இருக்கும், அதை மறுபடி எடுத்துப் பயப்பட வேண்டாம். தொடங்கும் முன் எச்பிஎஸ்ஏஜியும் ஆன்டி எச்பிசி டோட்டலும் கட்டாயம். சி போகும்போது பதுங்கியிருந்த பி கிளம்பியது உண்டு, 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதற்காகவே எச்சரிக்கை சேர்த்தது.

ஈரல்குலை · மார்ச் 22, மாலை 6.30

பி, சி இரண்டுக்குமே தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தில் டெஸ்ட்டும் மருந்தும் இலவசம். 2018 ஜூலை 28-இல் தொடங்கியது. அரசு மருத்துவக் கல்லூரியிலோ மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரியிலோ சிகிச்சை மையம் எங்கே என்று கேளுங்கள். பணம் தீர்ந்ததால் என்டகாவிரை நிறுத்தினார் என்பது யாருக்கும் நடக்கக் கூடாத ஒன்று. திடீரென நிறுத்தினால் வைரஸ் பாய்ந்து ஏறும்.

ஈரல்குலை · மார்ச் 23, காலை 6.20

வீட்டில் இருப்பவர்கள். மனைவி, பிள்ளைகள், கூடப் பிறந்தவர்கள், அம்மா, எல்லாருக்கும் எச்பிஎஸ்ஏஜி, ஆன்டி எச்பிசி டோட்டல், ஆன்டி எச்பிஎஸ் (பாதுகாப்பு இருப்பதைக் காட்டும் ஆன்டிபாடி). மூன்றும் நெகட்டிவ் என்றால் தடுப்பூசி 0, 1, 6 மாதம். கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து ஆன்டி எச்பிஎஸ் 10-க்கு மேல் இருக்கிறதா பார்க்க வேண்டும். நாடு முழுக்கக் குழந்தைகள் அட்டவணைக்கு இந்த ஊசி 2011-இல்தான் வந்து சேர்ந்தது, பெரியவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள்.

ஒரே தட்டில் சாப்பிடலாம், குழந்தையைக் கொஞ்சலாம். ரேசர், நகவெட்டி, பிரஷ், எனிமா முனை மட்டும் தனி. ரத்தம் போகிற கொலைட்டிஸ் என்பதால் கழிவறை பற்றிச் சொல்ல வேண்டும். உலர்ந்த ரத்தத்தில் வைரஸ் ஏழு நாளாவது உயிரோடிருக்கும். கையுறை போட்டுத் துடைத்து, ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் ஊற்றிப் பத்து நிமிடம் விட்டுக் கழுவினால் போதும். ஆளை ஒதுக்கத் தேவையில்லை.

நொய்யல் · மே 19, இரவு 8.45

ஸ்டீராய்டு கடைசி மாத்திரை ஏப்ரல் 8. அசாதியோபிரின் 125-இல் நிற்கிறது, மோஷன் நாளைக்கு இரண்டு, ரத்தம் இல்லை. ஃபைப்ரோஸ்கேன் 5.4. போன வாரம் லோட் "கண்டறியப்படவில்லை", எஸ்ஜிபிடி 24. என்டகாவிரை நிறுத்தலாமா? ஒரு மாத்திரையாவது குறையட்டும் என்கிறார்.

ஈரல்குலை · மே 19, இரவு 9.20

கூடாது. கண்டறியப்படவில்லை என்பது என்டகாவிர் செய்கிற வேலை, வைரஸ் போய்விட்டது என்றல்ல.

கணக்கு இப்படி: எதிர்ப்பு சக்தியைத் தளர்த்தும் கடைசி மருந்து நின்ற நாளிலிருந்து குறைந்தது 12 மாதம். ஸ்டீராய்டு நின்றது ஏப்ரல் 8 என்றாலும் அசாதியோபிரின் ஓடுகிறது, ஆகையால் அந்த 12 மாதம் இன்னும் தொடங்கவே இல்லை. அசாதியோபிரின் இரண்டு வருடம் ஓடினால் என்டகாவிர் மூன்று வருடம். பிறகு நிறுத்துவதும் ஈரல் டாக்டர் சொல்லித்தான், நிறுத்திய பின் ஒரு வருடம் ஒன்று முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை லோட், எஸ்ஜிபிடி.

அதுவரை: மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை லோட். ஆசிய ஆண், 40 தாண்டியவர் என்பதால் ஈரல் புற்றுநோய்க் கண்காணிப்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஈரல் அல்ட்ராசவுண்டும் ஏஎஃப்பி ரத்த டெஸ்ட்டும், எஸ்ஜிபிடி எவ்வளவு நார்மலாக இருந்தாலும். ஹெபடைட்டிஸ் டி (பி உள்ளவருக்கு மட்டும் ஒட்டிக்கொள்ளும் வைரஸ்) ஆன்டிபாடி ஒருமுறை பார்த்தார்களா என்று கேளுங்கள், இந்த இழையில் அதை எழுதவே மறந்திருக்கிறேன்.

மாத்திரைப்பெட்டி · மே 20, காலை 7.55

குறைக்கத்தான் வேண்டும் என்றால் பான்டோபிரசோல் இன்னும் ஓடுகிறதா பாருங்கள். ஸ்டீராய்டோடு வந்தது, ஏப்ரல் 8-ஆம் தேதியே போயிருக்க வேண்டும்.

நொய்யல் · மே 20, இரவு 9.05

ஓடிக்கொண்டிருந்தது. டாக்டரிடம் கேட்டு நிறுத்தியாயிற்று. டி ஆன்டிபாடிக்கு நாளை ரத்தம்.